நம்ம சைக்கிளுக்கு ஒரு வாடிக்கைக் கடை



மளிகைக்கு நமக்கு வாடிக்கைக் கடை இருக்கு. தையல் மிஷின் நின்னுபோனா யாரைக் கூப்பிடணும்னு தெரியும். சைக்கிளுக்கு மட்டும் அப்படி யாரும் இல்லை. வழியில் எங்கே காற்று இறங்குகிறதோ, அங்கே இருக்கிற கடைதான் நம்ம கடை. அவர் சொன்னதுதான் பழுது, கேட்டதுதான் கூலி.

சொந்த ஊரில் இது பெரிய தொல்லையாகத் தெரியாது. அங்கே கடைக்காரருக்கு நம்ம அப்பாவைத் தெரியும், அண்ணனைத் தெரியும். சென்னை மாதிரிப் பெரிய நகரத்தில் நம்மை யாருக்கும் தெரியாது. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிற சகோதரிக்கு சைக்கிள் பாதி வழியில் நின்றால் ஆட்டோ செலவு, இல்லாவிட்டால் அரை நாள் சம்பளம் போச்சு. குழுவில் உள்கடன் வாங்கி எடுத்த சைக்கிள் சரியான கவனிப்பு இல்லாமல் ஒரே வருடத்தில் மூலையில் சாய்ந்தால், வண்டி நின்ற பிறகும் தவணை நிற்காது.

"டவுன் பஸ்ஸில்தான் காசு இல்லையே, இன்னும் எதுக்கு சைக்கிள்?" என்று சிலர் கேட்கலாம். சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் வந்தது. அது பெரிய உதவிதான். ஆனாலும் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும், பஸ் வராத நேரத்துக்கும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், அரிசி மூட்டையைக் கொண்டுவரவும் சைக்கிள் வேண்டியிருக்கு. ஆகவே இந்த மாதப் பாடம்: பெரிய நகரத்தில் நம்பிக்கையான சைக்கிள் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் நம்ம வண்டியைத் தெரிஞ்சுக்குவோம்

கடையைத் தேடும் முன்னே, நம்ம சைக்கிளைப் பற்றி மூன்று விஷயம் நமக்குத் தெரியணும். தெரிந்து பேசுகிறவரிடம் இல்லாத பழுதைச் சொல்லிக் காசு வாங்குவது கஷ்டம்.

ஒன்று, டயர் அளவு. டயரின் பக்கவாட்டில் எழுத்து எழும்பி இருக்கும். லேடீஸ் சைக்கிள் பலவற்றில் 26 × 1 3/8 என்று இருக்கும். பழைய பெரிய சைக்கிளில் 28 × 1 1/2. கியர் சைக்கிள் மாதிரி தடித்த டயர் போட்ட வண்டியில் 26 × 1.95 என்று பார்க்கலாம். இங்கே கவனம் வேணும். 26 × 1 3/8 டயரும் 26 × 1.95 டயரும் பேரில் இரண்டும் 26 தான். ஆனால் ரிம்மின் அளவு முதலாவதற்கு 590 மில்லிமீட்டர், இரண்டாவதற்கு 559. ஒன்று மற்றொன்றில் உட்காராது. "26 டயர் குடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தால் திரும்பவும் கடைக்கு நடக்க வேண்டியதுதான்.

இரண்டு, பிரேக் வகை. கம்பி பிரேக்கா, கேபிள் பிரேக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பிரேக் கட்டை வேறு வேறு.

மூன்று, பிரேம் நம்பர். பெடல் அச்சு இருக்கிற இடத்துக்கு அடியிலோ, சீட்டுக்குக் கீழே வரும் குழாயிலோ அடித்திருப்பார்கள். சைக்கிள் திருடுபோனால் போலீஸ் புகாரில் எழுத இந்த நம்பர்தான் அடையாளம். வாங்கிய பில்லோடு சேர்த்து எழுதி வைங்க.

எந்த வேலைக்கு எந்தக் கடை?

நகரத்தில் சைக்கிள் கடை மூன்று விதம். மூன்றையும் ஒன்றாக நினைத்துப் போவதால்தான் பாதி ஏமாற்றம்.

முதலாவது, புது சைக்கிள் விற்கிற ஷோரூம். கம்பெனி வண்டி, பில், வாரண்டி எல்லாம் இங்கே கிடைக்கும். நம்ம சென்னைக்கு இதில் நல்ல பழக்கம் உண்டு. ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இல் அம்பத்தூரில் தொடங்கியது. "லேடிபேர்டு" என்ற பேரைக் கேட்காத வீடு இங்கே குறைவு. ஆனாலும் ஷோரூமில் விற்பனை நடக்கிற அளவுக்கு ரிப்பேர் நடக்கும் என்று சொல்ல முடியாது. வாங்கும்போதே, "இங்கேயே ரிப்பேர் ஆள் இருக்காரா? எந்தெந்த நாள் வருவார்?" என்று கேட்டுவிடணும்.

இரண்டாவது, பஜார் கடை. பாரிமுனை, பூங்கா நகர் பக்கம் ரத்தன் பஜாரில் சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கும். பல கம்பெனி வண்டிகளையும் உதிரி பாகங்களையும் ஒரே இடத்தில் பார்த்து, விலை கேட்டு ஒப்பிடலாம். குழுவாகச் சேர்ந்து நாலைந்து சைக்கிள் எடுப்பதென்றால் இங்கே போவது பிரயோஜனம். ஆனால் ஒரு பஞ்சருக்காகவும் ஒரு பிரேக் கட்டைக்காகவும் மாதாமாதம் அங்கே போக முடியாது.

மூன்றாவது, நம்ம தெருமுனை ரிப்பேர் கடை. ஒரு பெட்டி, ஒரு பம்பு, தண்ணி நிரப்பிய ஒரு தொட்டி. சில இடத்தில் மரத்தடிதான் கடை. மணிக்கணக்கில் வாடகைக்கு சைக்கிள் விட்ட அந்தக் காலத்துக் கடைகள் பெரும்பாலும் மூடிவிட்டன. மிச்சம் இருப்பவர்களில் பலர் ஸ்கூட்டர், மோட்டார் பைக் வேலைக்கு மாறிவிட்டார்கள். சைக்கிள் வேலை தெரிந்தவர் பக்கத்தில் ஒருவர் இருந்தால் அது நமக்கு அதிர்ஷ்டம்தான். நாம் வாடிக்கையாகப் பிடிக்க வேண்டியது இந்த மூன்றாவது கடையை.

யாரிடம் விசாரிப்பது?

விளம்பரப் பலகையைப் பார்த்துப் போகாதீங்க. சைக்கிளை நம்பிப் பிழைக்கிறவர்களைக் கேளுங்க. பேப்பர் போடுகிறவர், டீ கேன் கட்டிக்கொண்டு போகிறவர், இளநீர் விற்கிறவர், கோலமாவு விற்கிறவர் இவர்களுக்கு ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைக்கு வருமானம் இல்லை. சரியில்லாத கடைக்கு இவர்கள் இரண்டாம் தடவை போக மாட்டார்கள். இவர்களில் மூன்று பேர் ஒரே கடையைச் சொன்னால் அங்கே போய்ப் பார்க்கலாம்.

போனதும் வேலையைக் கொடுத்துவிட வேண்டாம். ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். நம்மைப் போல பெண்கள் வந்து போகிறார்களா? பள்ளிப் பிள்ளைகள் தயங்காமல் பேசுகிறார்களா? கழற்றிய நட்டையும் போல்ட்டையும் ஒரு தட்டில் போட்டு வைக்கிறாரா, தரையில் சிதற விடுகிறாரா? "எவ்வளவு ஆகும் அண்ணா?" என்று கேட்டால் தொகையைச் சொல்கிறாரா, "வேலை முடியட்டும், பார்த்துக்கலாம்மா" என்கிறாரா? இந்த நாலும் நமக்குப் பாதிப் பதிலைச் சொல்லிவிடும்.

சின்ன வேலை கொடுத்துப் பார்ப்போம்

புதிய உறுப்பினருக்கு முதல் தடவையே பெரிய கடன் கொடுப்போமா? சின்னத் தொகை கொடுத்து, சரியாகக் கட்டினால் அடுத்த தடவை கூட்டிக் கொடுப்போம். கடைக்கும் அதே முறைதான். முதல் வேலை பஞ்சராக இருக்கட்டும். பக்கத்திலேயே நின்று கவனியுங்கள்.

நல்ல பஞ்சர் வேலை இப்படித்தான் நடக்கும்:

1. ட்யூபை வெளியே எடுத்து, காற்றடித்து, தண்ணித் தொட்டியில் முழுசாக ஒரு சுற்று அழுத்திப் பார்ப்பார். ஒரு இடத்தில் குமிழி வந்ததும் நிறுத்தமாட்டார். இன்னொரு ஓட்டையும் இருக்கலாம்.

2. டயருக்கு உள்ளே விரலை விட்டு ஒரு சுற்று தடவிப் பார்ப்பார். முள்ளோ கண்ணாடித் துண்டோ உள்ளேயே இருந்தால், ஒட்டிய ட்யூப் நாலு தெரு தாண்டும் முன்னே திரும்பக் குத்து வாங்கும். அவசர வேலைக்காரர் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான்.

3. ஒட்டும் இடத்தை உப்புத்தாளோ அரமோ வைத்துத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும் வரை பொறுப்பார். ஈரத்தோடு ஒட்டினால் நிற்காது.

4. ஒட்டிய பிறகு மறுபடி தண்ணியில் வைத்துக் காட்டுவார்.

ஓட்டை இரண்டு பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அது முள் குத்தியது இல்லை. காற்று குறைவாக இருக்கும்போது பள்ளத்தில் இறங்கி, ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் ட்யூப் நசுங்கியது. "காத்து கம்மியா ஓட்டாதீங்கம்மா, வாரம் ஒரு தடவை அடிச்சுக்குங்க" என்று ஒருவர் சொன்னால் அவரை மறக்காதீங்க. அடிக்கடி பஞ்சர் ஆனால் அவருக்குத்தான் வருமானம். அதைத் தடுக்கிற வழியை அவரே சொல்கிறார் என்றால் அவர் நம்ம ஆள்.

"இதை மாத்தணும்" என்று சொன்னால்

பெரிய செலவு வருவது இந்த ஒரு வார்த்தையில்தான். எல்லாமே ஏமாற்று என்று நினைக்கவும் கூடாது, தலையை ஆட்டவும் கூடாது. எது நியாயம் என்று நாமே பார்க்கத் தெரிந்துகொள்வோம்.

ட்யூபில் காற்றடிக்கிற மூக்கின் அடிப்பகுதி கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது. மாற்றத்தான் வேண்டும். வேறு இடத்தில் சின்ன ஓட்டை என்றால் ஒட்டலாம். ஒட்டின் மேல் ஒட்டாகப் போய்விட்ட ட்யூபுக்குத் திரும்பத் திரும்பக் கூலி கொடுப்பதைவிடப் புதுசு போடுவது லாபம்.

செயின் தேய்ந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. முன் பல்சக்கரத்தின் முன்பக்கத்தில் செயினை விரலால் பிடித்து வெளியே இழுங்கள். பல்லை விட்டுக் கொஞ்சமும் நகரவில்லை என்றால் நன்றாக இருக்கிறது. பாதிப் பல் தெரிகிற அளவுக்குத் தூக்கினால் நீண்டுவிட்டது என்று அர்த்தம். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ரொம்ப நாள் ஓடிய செயினோடு பின்சக்கரத்து பிரீவீல் பல்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும். அதில் புதுச் செயினை மட்டும் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது நழுவும். ஆகவே "ரெண்டையும் சேர்த்து மாத்தணும்மா" என்று அவர் சொன்னால் உடனே சந்தேகப்பட வேண்டாம். பல்லைக் காட்டச் சொல்லுங்கள். சுறா மீன் பல் மாதிரி ஒரு பக்கமாகக் கூர்மையாகச் சாய்ந்திருந்தால் அவர் சொல்வது உண்மை.

மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் கால் ஒரு இடத்தில் "டக்"கென்று இறங்குகிறதா? காட்டர் பின் லூசாகி இருக்கலாம். அது சின்னச் சாமான், செலவும் கொஞ்சம்தான். "அப்புறம் பார்ப்போம்" என்று ஓட்டிக்கொண்டே இருந்தால் பெடல் கட்டையே கெட்டுப் பெரிய செலவாகும்.

சக்கரம் ஆடினால் உடனே புது ரிம் தேவையில்லை. கம்பிகளைத் திருகிக் கோட்டம் எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். ரிம் மடங்கிப்போயிருந்தால் மட்டும் மாற்றலாம்.

எதை மாற்றினாலும் மூன்றைக் கேளுங்கள்: "ஏன் மாத்தணும்? எவ்வளவு ஆகும்? பழைய சாமானைக் குடுக்கறீங்களா?" பழைய சாமானைக் கையில் கொடுக்கிற கடைக்காரர் மறைக்க ஒன்றும் வைத்திருக்க மாட்டார்.

புது சைக்கிள் எடுக்கும்போது

புது சைக்கிள் கடைக்குப் பகுதி பகுதியாகத்தான் வருகிறது. அதைப் பூட்டுகிறவர் கையில்தான் வண்டியின் ஆயுள் இருக்கிறது. பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விலையில்லா சைக்கிளுக்கும் இது பொருந்தும். வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை நட்டு, பிரேக், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். புதுச் சக்கரத்தில் கம்பிகள் முதல் சில வாரத்தில் கொஞ்சம் தளரும். ஆகவே ஒரு மாதம் ஓட்டிய பிறகு இன்னொரு தடவையும் காட்டணும். அந்த முதல் சர்வீஸ் இலவசமா என்று வாங்கும்போதே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. பில்லில் வரி எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பில் கேட்பது கடைக்காரரை அவமதிப்பது இல்லை. பில் தர மறுப்பதை முறையற்ற வணிக நடவடிக்கை என்றே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பொருளில் குறை இருந்து கடைக்காரர் கேட்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.

தெருமுனைக் கடையில் அச்சடித்த பில் இருக்காது. அதற்கு நம்மிடமே வழி இருக்கிறது. தீர்மானப் புத்தகமும் வரவு செலவும் எழுதத் தெரிந்த நமக்கு ஒரு சைக்கிள் நோட்டு எம்மாத்திரம்? தேதி, செய்த வேலை, மாற்றிய சாமான், கொடுத்த பணம் இந்த நாலையும் எழுதி வைங்க. "போன மாசம்தானே அண்ணா பிரேக் கட்டை மாத்தினோம்?" என்று நோட்டைக் காட்டிக் கேட்டால் அதற்குப் பலம் அதிகம்.

வாடிக்கை என்பது இரண்டு பக்கமும்

நல்ல கடையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. நாமும் நல்ல வாடிக்கையாளராக இருக்கணும்.

காலை எட்டு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நிற்கும்போது பெரிய வேலையைக் கொண்டுபோய், "உடனே வேணும்" என்று நிற்காதீங்க. மதியம் விட்டுவிட்டு சாயங்காலம் எடுங்கள். சேறும் மண்ணுமாகக் கொண்டுபோகாமல் கழுவிக் கொண்டுபோங்கள். கூலியைக் கடன் சொல்லாதீங்க. சாமான் விலையில் பேரம் பேசலாம். வேலைக் கூலியில் ரொம்ப அடித்துப் பேசினால், அவர் அந்த வேலையில் எதையாவது குறைத்துக்கொள்வார். நம்ம தையல் கூலியை, நம்ம ஊறுகாய் விலையை ஒருவர் அடித்துக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? எல்லாரும் கூலியைக் கொடுக்காமல் தட்டிக்கழித்தால் அவரும் கடையை மூடிவிடுவார். அப்புறம் பஞ்சருக்கும் நாம் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போகணும்.

ஒரு பகுதியில் நாலைந்து குழு இருந்தால், மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்காரரையே கூட்டம் நடக்கும் இடத்துக்கு அழைத்து எல்லாச் சைக்கிளையும் பார்க்கச் சொல்லலாம். அவருக்கு ஒரு நாள் முழுக்க வேலை, நமக்கு அலைச்சல் மிச்சம். இதில் ஒரு கட்டுப்பாடு வேணும். எந்தக் கடை, என்ன கூலி என்பதை எல்லார் முன்னாலும் பேசித் தீர்மானத்தில் எழுதணும். ஊக்குநரோ பிரதிநிதியோ யாரும் கடைக்காரரிடம் கமிஷன் வாங்கக் கூடாது. பத்து ரூபாய் கமிஷன் பல வருட நம்பிக்கையைக் கெடுத்துவிடும்.

தயக்கத்தை விடுவோம்

"ஆம்பளைங்க நிக்கிற கடை, எப்படிப் போறது? வீட்டுக்காரர்கிட்ட குடுத்தனுப்பிடறேன்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். வேறொருவர் மூலமாகப் போனால் பழுது என்னவென்றும், காசு எவ்வளவு ஆனது என்றும் நமக்குச் சரியாகத் தெரியாமலே போகும்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் பழகுவதையும் சேர்த்து நடத்தியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். குவாரியில் வேலை செய்த பெண்களும், விவசாயக் கூலிப் பெண்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும் பழகினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் போனபோது, ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறிக்கொண்டார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று அவர்கள் இறங்கிவிடவில்லை. அவர்கள் தெருவில் ஓட்டிக் காட்டினார்கள். நாம் கடை வாசலில் நின்று கேள்வி கேட்கப் பழகினால் போதும்.

முதல் தடவை தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழுவில் இரண்டு பேராகப் போங்கள். மூன்றாம் தடவை போகும்போது, "வாங்கக்கா, அன்னைக்குப் போட்ட செயின் எப்படி இருக்கு?" என்று அவரே கேட்பார். அப்போது இந்தப் பெரிய நகரத்தில் நம்மைத் தெரிந்த இடம் ஒன்று கூடிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு உறுப்பினரும் தன் சைக்கிளின் டயர் அளவையும் பிரேம் நம்பரையும் எழுதிக்கொண்டு வரவும்.

2. நம்ம பகுதியில் உள்ள மூன்று ரிப்பேர் கடைகளில் பஞ்சர், கோட்டம் எடுத்தல், ஓவராயில் இந்த மூன்றுக்கும் கூலி விசாரித்து ஒப்பிடவும்.

3. ரிப்பேர் கடையில் தனக்கு நேர்ந்த நல்ல அனுபவம் ஒன்றையும் கெட்ட அனுபவம் ஒன்றையும் ஒவ்வொருவரும் சொல்லவும். அதிலிருந்து எந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டிருக்கணும் என்று பேசவும்.

4. பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்ள விரும்பும் இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கவும். நம்ம வாடிக்கைக் கடைக்காரரிடமே கேட்டுப் பாருங்கள். கற்றுக் கொடுக்க அவர் சம்மதித்தால் குழுவுக்கு ஒரு தொழிலும் வரலாம்.